திருநங்கையர் தன்வரலாறுகளில் வன்முறையின் தொடர்ச்சி

திருநங்கையரின் வாழ்வு தமிழ் நாவலுக்குள் பிறர் எழுத்தின் வழியாகவே நுழைந்தது. 1990களில் வெளிவந்த சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ அதற்குச் சான்று. பின்னர் அவர்களே தம் வாழ்வை எழுதினர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறும் அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’யும் (2011) அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றைத் துயரக் கதைகளாக மட்டும் வாசிப்பதுண்டு. அவ்வாசிப்பு, வன்முறைக்குப் பொறுப்பானோர் யார் என்னும் வினாவை மறைத்துவிடுகிறது.

ரேவதியின் நூலில் வன்முறை வீட்டிலேயே தொடங்குகிறது. பெண்ணாக வாழ விரும்பி வெளியேறித் திரும்பியவரை அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடிக்கிறார். வீட்டில் இடமின்றிப் போனவருக்குப் பிழைப்பு வழிகளும் அடைபடுகின்றன. பாலியல் தொழிலில் இருக்கையில் ரவுடியின் வன்முறைக்கும் காவலரின் இழிவுபடுத்தலுக்கும் ஆளாகிறார். இவை தனித்தனி நிகழ்வுகளாக நூலில் நிற்கவில்லை. ஒன்று அடுத்ததற்கு வழியமைக்கிறது.

கல்வி இத்தொடர்ச்சியை அறுக்கும் என்னும் நம்பிக்கையை வித்யாவின் நூல் ஐயத்திற்குள்ளாக்குகிறது. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், புனேயில் கடைகளிலும் ரயில்களிலும் கையேந்த நேர்ந்தது. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வழியாகச் செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலிலும் கைதட்டிக் காசு கேட்கும் திருநங்கையரைப் பயணிகள் காண்பதுண்டு. பயணி அறிவது அக்கணத்தை மட்டுமே. அதற்கு முந்தைய வீட்டையும் மறுக்கப்பட்ட வேலையையும் தன்வரலாறே காட்டுகிறது.

2019இல் நிறைவேறிய திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒப்பிடும்போது இந்நூல்களின் இன்றியமையாமை தெளிவாகும். வீட்டைவிட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவதை அதன் 18ஆம் பிரிவு குற்றமாக்கியது. இது தன்வரலாறுகள் கூறும் உண்மைக்கு நெருக்கமானது. ஆனால், பொதுவிடத்தைப் பயன்படுத்த மறுப்பது முதல் பாலியல் வன்கொடுமை வரை அனைத்துக்கும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரையிலான ஒரே தண்டனை வரம்பை அப்பிரிவு வகுத்தது. அதே காலத்தில் பெண்ணுக்கு எதிரான வன்புணர்வுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறைத் தண்டனை இருந்தது. மேலும் இரத்தம், திருமணம், தத்து ஆகிய உறவுகளையே அச்சட்டம் குடும்பம் என வரையறுத்தது. விரட்டிய வீடு அவ்வரையறைக்குள் அடங்க, அடைக்கலம் தந்த குரு–சேலா உறவு வெளியே நின்றது. அவ்வுறவிலும் அதிகாரமும் கட்டுப்பாடும் உண்டு என்பதை ரேவதி மறைக்கவில்லை.

இத்தன்வரலாறுகளைச் சமூக ஆவணங்களாகக் கொண்டால், வன்முறைத் தடுப்பு காவல் நிலையத்துக்கு வெகு முன்பே, வீட்டிலும் பணியமர்த்தலிலும் தொடங்க வேண்டும் என்பது புலனாகும். வகுப்பறையில் இவற்றைப் பாடமாக்குவோர், இரக்கத்தோடு பொறுப்பு பற்றிய வினாவையும் மாணவர்முன் வைப்பது கடமையாகும்.