சேப்பல் ஹில்லில் மாணவர் ராஜ்ஜியம்

பொதுச் சுகாதாரத்தில் மேல்படிப்பு படிக்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் வாய்திறந்தால் போதும், கையைப் பிடித்து உட்காரவைத்துவிடுவேன். எந்தப் பேராசிரியர், எந்தப் பாடம், எவ்வளவு ஸ்காலர்ஷிப், இதெல்லாம் அப்புறம். அந்தப் பள்ளியில் மாணவர் அமைப்புகள் எப்படி என்று முதலில் விசாரியுங்கள் என்பேன். நான் படித்த இடம் என்னை அப்படி ஆக்கிவிட்டது. வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளி, சேப்பல் ஹில் ஊர். 1940-லேயே தனிப் பள்ளியாகிவிட்ட பழைய இடம். பாடம் எல்லா நல்ல இடத்திலும் சொல்லித்தருவார்கள் சார், ஆனால் முதல் வருஷப் பிள்ளைகளை நம்பி நிஜமான வேலையை, நிஜமான ஜனங்களை ஒப்படைக்கிற இடம் எத்தனை இருக்கும்?

ஆகஸ்ட் மாதம், வகுப்பு ஆரம்பிக்கிற சமயம். மைக்கேல் ஹூக்கர் ஆராய்ச்சி மையத்துக்குள் உயரமாக எழும்புகிற கண்ணாடிக் கூடம் ஒன்று உண்டு, ஆர்ம்ஃபீல்ட் ஏட்ரியம் என்பார்கள். அங்கே வரிசையாக மேசைகள், மேசைக்கு ஓர் அமைப்பு, ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் கண்கள் பளபளக்க ஒரு சீனியர். ஊட்டச்சத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, தாய் சேய் நலத்துக்கு ஒன்று, உலகச் சுகாதாரத்துக்கு ஒன்று. எல்லா மேசையிலும் நான் பெயர் எழுதினேன், ஆமாம், எல்லாவற்றிலும்! திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சுற்றினேன், யாராவது ஒரு துண்டுச் சீட்டு நீட்டினால் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

அந்த மேசைகளில் ஒன்றுதான் டீம் எபி-எய்ட். 2003-இல் தொடங்கிய மாணவர் படை இது. மாநிலத்தில் எங்காவது திடீரென்று நோய் பரவினாலோ, புயல் வெள்ளம் வந்தாலோ, சுகாதாரத் துறைக்கு ஆள் போதாது. அப்போது துறை உதவி கேட்கும், மாணவர்களுக்கு மின்னஞ்சல் பறக்கும், கைதூக்குகிறவர்கள் கிளம்புவார்கள். யோசித்துப் பாருங்கள், காலையில் வகுப்பில் ஆட்ஸ் ரேஷியோ கணக்கு, சாயங்காலம் ஃபோனை எடுத்து, வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடக்கிற ஒருவரிடம், போன சனிக்கிழமை உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டீர்களா, கோழி சாப்பிட்டீர்களா, தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று வரிசையாகக் கேட்கிற வேலை. நோய் வந்தவரிடம் கேட்ட அதே கேள்விகளை நோய் வராதவரிடமும் கேட்க வேண்டும், அங்கேதான் சூட்சுமம். இரண்டு வரிசை, இரண்டு பத்தி, எண்களைப் போட்டதும் ஒரு சாப்பாட்டுப் பொருள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்கும் பாருங்கள், அந்த நொடியில் நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன கதை ஒன்றை விடவே முடியாது. 2004-இல் வட கரோலைனா மாநிலக் கண்காட்சி. குழந்தைகள் ஆட்டையும் குட்டியையும் தொட்டுக் கொஞ்சுகிற கூடத்திலிருந்து ஈ.கோலை கிருமி பரவி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், பல குழந்தைகளுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. யார் எந்தக் கூடத்துக்குப் போனார்கள், எந்த விலங்கைத் தொட்டார்கள், கையை வாயில் வைத்தார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே இப்படிப்பட்ட கூடங்களுக்கு அனுமதியும் பரிசோதனையும் கட்டாயம் என்று ஏடின் சட்டம் வந்தது. பொறுமையாகக் கேட்ட கேள்விகள் சட்டமாக மாறியிருக்கின்றன! அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

சரி, புயலுக்கு வருவோம், இங்கேதான் நான் முழுசாக விழுந்தேன். வட கரோலைனாவின் கிழக்குப் பக்கம் ஒரே சமவெளி, புகையிலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வயல்கள், பன்றிப் பண்ணைகள். 1999-இல் ஃபிளாய்ட், 2016-இல் மேத்யூ, 2018-இல் ஃபிளாரன்ஸ் என்று புயல்கள் விட்டுவைக்காத பூமி. புயல் ஓய்ந்ததும் ஜனங்களுக்கு என்ன தேவை என்று உடனே தெரிய வேண்டும், அதற்கு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்த முறை ஒன்று உண்டு, காஸ்பர் என்பார்கள். மாவட்டத்தில் 30 பகுதிகளைக் குலுக்கி எடுப்பார்கள், ஒவ்வொரு பகுதியிலும் 7 வீடு, மொத்தம் 210. எந்த வீடு நன்றாக இருக்கிறதோ அதில் தட்டலாம், நாய் இல்லாத வீடாகப் பார்த்துப் போகலாம் என்பதெல்லாம் நடக்காது. அந்தப் பகுதியில் 70 வீடு இருந்தால் எண்ணிக்கொண்டே போய்ப் பத்தாவது வீட்டில் நிற்க வேண்டும். அந்த 210 வீடு முழு மாவட்டத்துக்காகவும் பேசும்! வகுப்பில் இதை எழுதிக்கொண்டபோது வெறும் சூத்திரம். நடந்துபோகும்போது ஐயோ, அது எவ்வளவு அழகு!

கற்பனை செய்துகொள்ளுங்கள். தண்ணீர் வடிந்த மறுநாட்கள், காற்றில் ஈரச் சேறும் அழுகின இலையும் கலந்த வாடை, தெருவோரம் முழுக்க வெளியே தூக்கிப்போட்ட மெத்தை, கம்பளம், ஊறிப்போன சுவர்ப் பலகை. நானும் கூடவந்த தோழியும், இரண்டு பேர் சேர்ந்துதான் போகலாம் என்பது விதி, கையில் கிளிப்போர்டு, உடம்பில் பளிச்சென்ற மேல்சட்டை. எண்ணிக்கொண்டே போய் நின்ற வீட்டில், வராந்தா நாற்காலியில் ஒரு வயதான கறுப்பினப் பாட்டி. நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லி முடிக்கவில்லை, “ஏறி வா ராசா, வெயில்ல நிக்காத” என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார். அவர் வீட்டில் கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை, அந்த நிலையிலும் அந்த ஊர்ச் சர்க்கரைத் தேநீர் குடிக்கிறாயா என்று கேட்கிறார்! குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, எத்தனை நாளைக்கு மருந்து இருக்கிறது, வீட்டில் ஆக்ஸிஜன் கருவி யாருக்காவது வேண்டுமா, ஜெனரேட்டர் ஓட்டுகிறீர்களா, எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். கார் ஷெட்டுக்குள்ளோ ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு, நிறமில்லை, வாசனையில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். பாட்டி பிளாஸ்டிக் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார், உருகின தண்ணீரில் மிதந்துகொண்டு இன்சுலின் குப்பிகள். “இது கெட்டுப்போயிருக்குமா ராசா?” என் படிவத்தில் அது ஒரு சின்னக் கட்டம், ஒரு டிக் அடித்தால் முடிந்தது. ஆனால் அந்த டிக் சாயங்காலம் எண்ணாகும், இரண்டு மூன்று நாளில் இத்தனை சதவீத வீடுகளில் இன்சுலினுக்குக் குளிர்ச்சி வசதி இல்லை என்று அதிகாரிகளின் மேசையில் ஒரு வரியாகும். உடனடி உதவிக்கு என்றே எங்களிடம் தனிச் சீட்டு இருந்தது, அதில் பாட்டியின் விவரத்தை எழுதி அன்றைக்கே சேர்த்தோம். நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது, திரும்பும் வழியெல்லாம் காரில் பேசித் தீர்த்தேன், பக்கத்திலிருந்த தோழிக்குக் காது வலித்திருக்கும்.

புயல் இல்லாத நாட்களிலும் மாணவர் வேலை ஓயாது. பக்கத்து ஊர் காரபரோவில் ஷாக் என்றொரு இலவச கிளினிக். 1967-இல் மாணவர்கள் ஆரம்பித்தது, அமெரிக்காவில் மாணவர்களே நடத்தும் இலவச கிளினிக்குகளில் இதுதான் மூத்தது. புதன்கிழமை ராத்திரி போய் நின்று பாருங்கள். மருத்துவ மாணவர், நர்சிங் மாணவர், மருந்தியல் மாணவர், எங்கள் பள்ளி மாணவர் எல்லாரும் ஒரே தாழ்வாரத்தில். ஒரு பக்கம் ஸ்பானிஷ், இன்னொரு பக்கம் பர்மாவிலிருந்து அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்கள் பேசும் கரென் மொழி, நடுவில் குழந்தை அழுகை. சூப்பர்வைசர் டாக்டர் இருப்பார், ஆனால் ஓட்டம் முழுக்க மாணவர்களுடையது.

இப்போது உச்சத்துக்கு வருகிறேன், மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். சிறுபான்மைச் சுகாதார மாநாடு! எங்கள் பள்ளியின் சிறுபான்மை மாணவர் அமைப்பு 1977-இல் தொடங்கிய மாநாடு இது, அமெரிக்காவில் மாணவர்களே நடத்துகிற சுகாதார மாநாடுகளில் இதைவிட நீண்டகாலம் நடப்பது வேறில்லை. அந்த ஆண்டைக் கவனியுங்கள், 1977. கறுப்பின மக்களும் மற்றச் சிறுபான்மையினரும் ஏன் முன்னதாகச் சாகிறார்கள் என்று அமெரிக்க அரசாங்கம் முதன்முதலாக முழுசாக ஆராய்ந்து வெளியிட்ட ஹெக்லர் அறிக்கை வந்தது 1985-இல். எட்டு வருஷம் முன்னாலேயே மாணவர்கள் மைக் பிடித்துவிட்டார்கள்! இதை எனக்குச் சொன்ன சீனியரை நான் மூன்று முறை சொல்லவைத்துக் கேட்டேன், அவ்வளவு ஆனந்தம். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோள்கொடுத்தவர் வில்லியம் ஸ்மால் என்ற ஆசிரியர், இன்றைக்கு மாநாட்டின் தலைமை உரை அவர் பெயரில்தான் நடக்கிறது. மிசிசிப்பியின் மவுண்ட் பேயூவில் ஏழைக் கறுப்பின விவசாயிகளோடு சேர்ந்து சமூகச் சுகாதார மையம் எழுப்பியவர்களில் ஒருவரான ஜான் ஹாட்ச் பாடம் நடத்திய பள்ளி இது. பசியால் நோயாளியான குழந்தைக்கு அந்த மையத்தில் மருந்துச்சீட்டில் சாப்பாட்டையே எழுதிக்கொடுத்தார்கள். அந்த மண்ணிலிருந்து முளைத்த மாநாடு இது.

விடிந்தும் விடியாத பிப்ரவரிக் குளிரில் ஃப்ரைடே சென்டர் வாசலில் பஸ்கள் வந்து நிற்கின்றன. கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து இளங்கலைப் பிள்ளைகள், சர்ச்சுகளில் சுகாதார வேலை பார்க்கும் அம்மாக்கள், மாவட்டச் சுகாதார அலுவலர்கள், பழங்குடி அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், நரைத்த தலையோடு பழைய மாணவர்கள். பதிவு மேசையில் நான். ஒரு பெரியவர் பேட்ஜை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, எழுபதுகளில் நாங்கள் நடத்தியபோது இதே மாதிரிப் பதிவு மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன் என்றார், அவ்வளவுதான், என் கண்ணில் பொலபொலவென்று நீர், வெட்கமே இல்லை! பேச்சாளரைத் தேர்ந்தெடுத்தது மாணவர்கள், நிதி திரட்டியது மாணவர்கள், சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தது, நாற்காலி எண்ணியது, மேடையில் அறிமுகம் செய்தது எல்லாமே மாணவர்கள். விளக்கு மங்குகிறது, தலைமை உரை ஆரம்பிக்கிறது, நேரலையில் வேறு வேறு ஊர்களில் உட்கார்ந்து ஜனம் பார்க்கிறது, கேள்வி நேரத்தில் எங்கேயோ இருக்கிற ஒருவரின் கேள்வி மேடைக்கு வருகிறது, பேச்சாளர் ஒரு கணம் யோசித்துப் பதில் சொல்கிறார், அரங்கம் எழுந்து கைதட்டுகிறது, பின்வரிசையில் நின்ற நான் உள்ளங்கை சிவக்கத் தட்டுகிறேன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்மணி என்னைக் கட்டிக்கொண்டு “நல்லாச் செஞ்சீங்கப்பா” என்கிறார், பத்து மாதமாக மின்னஞ்சல் அனுப்பி அனுப்பித் தேய்ந்த விரல்கள் அத்தனைக்கும் அந்த ஒரு வார்த்தை போதும் போதும் போதும்!

கூட்டங்கள் நீளும், அதை மறைப்பானேன். ஒரு போஸ்டரின் நிறத்துக்காக ராத்திரி பத்து மணிவரை பேசியதுண்டு. ஆனால் அந்தப் பேச்சில்தான் மேடைக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எந்த ஊர் ஜனங்கள் விட்டுப்போனார்கள் என்பதும் வந்தது, அதனால் எனக்கு அதுவும் இனிப்புதான்.

இந்த வருஷம் யாராவது சேப்பல் ஹில் போகிறீர்களா? அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, நீங்கள் போய் இறங்கும்போதே நடுப்பருவம், அதனால் கள ஆய்வுப் பயிற்சியை முதல் மாதமே முடித்துவிடுங்கள், நல்ல நடைக்காலணி எடுத்துப்போங்கள். ஷாக்கில் ஒரு புதன்கிழமை பிடித்துவையுங்கள். மாநாட்டுக் குழுவில் எந்த வேலை வேண்டும் என்று கேட்டால் தயங்காதீர்கள், பதிவு மேசை என்று சொல்லுங்கள், வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்கிற இடம் அது ஒன்றுதான்!