விசுவாசம் என்ற சொல்

ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு, அதை எழுதியவனின் வாயை அடைக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று மதகுரு ஒருவர் ஒரு சங்கத்துக்குக் கடிதம் எழுதினார் என்றால், கதையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் ஆசை வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. பிலிப் ராத் என்கிற அமெரிக்க எழுத்தாளரின் பெயர் அதற்கு முன்பே காதில் விழுந்திருந்தது. ஆனால் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது இந்தக் கடித விவகாரம் தெரிந்த பிறகுதான். கடிதம் எழுதியவர் யூத மதகுரு. கடிதம் போய்ச் சேர்ந்தது, யூதர்களுக்கு எதிரான அவதூறுகளைத் தடுப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கத்துக்கு. கதையை எழுதியவரும் யூதர்தான்.

கதையின் பெயர் 'டிஃபெண்டர் ஆஃப் தி ஃபெய்த்'. 1959 மார்ச் மாதம் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் வந்தது. அப்போது ராத்துக்கு இருபத்தாறு வயது நிறையவில்லை. அதே வருஷம் 'குட்பை, கொலம்பஸ்' என்ற தொகுதியிலும் இது சேர்ந்தது. மறு வருஷம் அந்தத் தொகுதிக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தகப் பரிசு கிடைத்தது.

தலைப்பைத் தமிழில் சொல்வதானால் 'விசுவாசத்தின் காவலன்' என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே நம் மொழி ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிடுகிறது. விசுவாசம் என்றால் தெய்வ நம்பிக்கை. எஜமானிடமும் குடும்பத்திடமும் காட்டுகிற விசுவாசமும் அதே சொல்தான். ராத்தின் கதை முதல் அர்த்தத்தில் ஆரம்பித்து இரண்டாவது அர்த்தத்தில் போய் முடிகிறது. கதையைச் சுற்றி எழுந்த கூச்சல் முழுவதும் இரண்டாவது அர்த்தத்தைப் பற்றியதுதான்.

1945-ஆம் வருஷம் மே மாதம். ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்துவிட்டது; ஜப்பானோடு ஓயவில்லை. நேதன் மார்க்ஸ் என்ற ஸார்ஜண்ட், ஜெர்மனி வரை சண்டை போட்டுவிட்டு, மிசௌரி மாகாணத்தில் புதுப் பட்டாளத்தாருக்குப் பயிற்சி தரும் முகாமுக்கு வந்து சேருகிறான். இரண்டு வருஷ யுத்தத்தில் மனசு மரத்துப்போனவன். பயிற்சிக்கு வந்திருப்பவர்களில் மூன்று யூதப் பையன்கள். அவர்களில் ஷெல்டன் கிராஸ்பார்ட் என்பவன் மார்க்ஸின் பெயரைக் கேட்டதுமே மோப்பம் பிடித்துவிடுகிறான்: நம்மவர்!

முதல் விண்ணப்பம் சின்னதுதான். வெள்ளிக்கிழமை இரவு பாரக்கைக் கழுவித் துடைக்க வேண்டும் என்பது முகாம் வழக்கம். யூதர்களுக்கோ வெள்ளிக்கிழமை அஸ்தமித்தால் ஓய்வு நாள் பிறந்துவிடுகிறது. பிரார்த்தனைக்குப் போக வேண்டும், மற்றவர்கள் எங்களை வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர்கள் என்று நினைக்கிறார்கள் என்கிறான் கிராஸ்பார்ட். மார்க்ஸ் அனுமதி வாங்கித் தருகிறான். அன்று இரவு அவனும் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருகிறான். கிராஸ்பார்ட்டின் கவனம் பிரார்த்தனையில் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறான். அடுத்தது சாப்பாடு. ஆசாரமில்லாத உணவைப் பையன்கள் தின்ன வேண்டியிருக்கிறது என்று தகப்பனார் பெயரில் ஒரு காங்கிரஸ் அங்கத்தினருக்குக் கடிதம் போகிறது. எழுதியது மகன்தான். மூன்றாவது, செயின்ட் லூயிஸில் அத்தை வீட்டில் பஸ்கா விருந்து, அதற்கு லீவு. பஸ்கா கழிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று மார்க்ஸுக்குத் தெரியும். தெரிந்தும் கொடுக்கிறான்.

ஏன் கொடுக்கிறான் என்பதில்தான் ராத் நாவலாசிரியராக வேலை செய்திருக்கிறார். மார்க்ஸுக்குத் தன் பாட்டியின் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் செய்யக்கூடாததைச் செய்து கையைக் காலைக் காயப்படுத்திக்கொண்டால் அம்மா திட்டுவாள். பாட்டி மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். நியாயத்தைவிடக் கருணை பெரிது என்பது அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது. யுத்தத்தில் மார்க்ஸ் இழந்திருந்தது அந்தக் கருணையைத்தான். அதை அவனுக்குத் திருப்பிக் கொண்டுவந்து தந்தவன் இந்தப் பொய்யன். பொய்யன் பேசிய பேச்சில் நியூயார்க் தெருக்களின் ஓசையும் வீட்டு வாசனையும் இருந்தன. வாசனை நிஜம், சொன்ன காரணம் பொய். இரண்டையும் ஒரே ஆளிடத்தில் வைத்ததுதான் இந்தக் கதையின் சாமர்த்தியம். கிராஸ்பார்ட்டை வெறும் போக்கிரியாகச் செய்திருந்தால் இது நாலாந்தரக் கதை.

செயின்ட் லூயிஸிலிருந்து பஸ்கா விருந்தில் பரிமாறிய மீனைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர்கள், சீனச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு எக் ரோல் வாங்கிக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள். பிறகு உத்தரவுப் பட்டியல் வருகிறது. எல்லோருக்கும் பஸிபிக் யுத்தகளம். கிராஸ்பார்ட்டுக்கு மட்டும் நியூ ஜெர்ஸியில் வேலை. எங்கேயோ இன்னொரு யூதனைப் பிடித்துக் காரியத்தைச் சாதித்துவிட்டான்.

மார்க்ஸ் டெலிபோனை எடுக்கிறான். பட்டியல் தயாரிக்கும் இடத்திலுள்ள சிநேகிதனிடம் சொல்கிறான்: இங்கே ஒரு யூதப் பையன், அண்ணன் ஐரோப்பாவில் செத்துப்போனான், இவன் பஸிபிக் போகத் துடிக்கிறான், உள்நாட்டில் இருந்தால் கோழையாகிவிடுவேன் என்கிறான், ஏதாவது செய்ய முடியுமா? அண்ணனும் இல்லை, சாவும் இல்லை. அத்தனையும் பொய்.

இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். கிராஸ்பார்ட் சாப்பாட்டுக்காகவும் லீவுக்காகவும் யூதன் என்ற பெயரைச் செலவழித்தான். நேர்மையாளனான மார்க்ஸ் அதே பெயரையும், ஐரோப்பாவில் செத்த லட்சக்கணக்கானவர்களின் நிழலையும் சேர்த்துச் செலவழிக்கிறான். கிராஸ்பார்ட்கூட அந்த அளவுக்குப் போகவில்லை. கிராஸ்பார்ட் பட்டியலிலிருந்து நழுவினால் மற்ற இருவரும் மற்ற எல்லோரும் போக, அவன் மட்டும் தப்புவான், அது அநியாயம்தான். அந்த அநியாயத்தைத் தடுக்க மார்க்ஸுக்குக் கிடைத்த கருவி கிராஸ்பார்ட்டுடையது. விமரிசகர்கள் பலர் மார்க்ஸைக் கதையின் தர்மவானாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் நண்பர் ஒருவருக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் இடமாற்ற உத்தரவுகளைப் பார்த்தவர். திருப்பித் தரும்போது, "கிராஸ்பார்ட் உயிருக்குப் பயந்த பத்தொன்பது வயசுப் பிள்ளை ஸார். மார்க்ஸ் ஒரு மேலதிகாரி. இரண்டு பேரும் பொய் சொன்னால் யார் பொய் பெரிசு?" என்றார். ஆபீஸ் அனுபவம் பேசுகிறது என்று நினைத்தேன். ஆனால் பதில் சொல்ல வரவில்லை.

கதைக்கு எதிராகக் கடிதம் எழுதியவர்களை அசடுகள் என்று ஒதுக்குவது சுலபம். அப்படிச் செய்யக்கூடாது. 1959-இல் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டுப் பதினாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவிலேயே பெரிய சர்வகலாசாலைகள் யூத மாணவர்களுக்கு அளவு வைத்திருந்ததும், ஹோட்டல்கள் யூதர்களுக்கு இடம் மறுத்ததும் பழங்கதையாகிவிடவில்லை. யூதர்கள் பட்டாளத்திலிருந்து நழுவுகிறவர்கள் என்பது யூத விரோதிகள் காலங்காலமாகச் சொல்லி வந்த வசை. அப்படியிருக்க, நம் வீட்டுப் பிள்ளையே எழுந்து, ஊர் முழுக்கப் படிக்கிற பத்திரிகையில், மதத்தைச் சாக்கு வைத்து யுத்தத்திலிருந்து நழுவப் பார்க்கும் ஒரு யூதனை எழுதினால்? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கொடுத்த மாதிரிதானே! யூதர்கள் மட்டும் படிக்கிற பத்திரிகையில் வந்திருந்தால் இவ்வளவு ரகளை எழுந்திருக்காது என்பது ராத்துக்கே தெரிந்திருந்தது.

1962-இல் நியூயார்க்கில் யெஷிவா சர்வகலாசாலையில் ஒரு கூட்டம். கறுப்பர் இனத்து நாவலாசிரியர் ரால்ப் எல்லிஸனும் மேடையில் இருந்தார். ராத் தம் சுயசரிதத்தில் அந்த மாலையை விவரித்திருக்கிறார். நீர் நாஜி ஜெர்மனியில் இருந்திருந்தாலும் இதே கதைகளை எழுதுவீரா என்ற ரீதியில் கேள்வி ஆரம்பித்து, கடைசி வரை அதே தொனியில்தான் போயிற்று. கூட்டம் முடிந்து வெளியே வந்து, பாஸ்ட்ராமி ஸாண்ட்விச்சைத் தின்றபடி, இனி யூதர்களைப் பற்றி எழுதுவதே இல்லை என்று சபதம் செய்தாராம். யூதர்களின் சாப்பாட்டுக் கடையில், யூதர்களின் பண்டத்தைத் தின்றுகொண்டு செய்த சபதம், நிலைக்குமா? 2018-இல் காலமாகும்வரை முக்கால்வாசி அதைப் பற்றித்தான் எழுதினார். 2014-இல் நியூயார்க்கின் யூத சமய உயர்கலாசாலை ஒன்று கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது.

ராத்திடத்தில் குறையில்லாமல் இல்லை. இந்தக் கதையில் மற்ற இரண்டு பையன்களும் பொம்மைகள்தான். பெண்கள் என்று எடுத்துக்கொண்டால் ஞாபகத்தில் வரும் பாட்டி ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள். ஆனால் தம் சமூகத்தின் பக்திமான்களைப் பரிகசிப்பதே அவர் தொழில் என்று சொன்னவர்கள், அதே தொகுதியில் உள்ள 'ஈலை, தி ஃபனாடிக்' கதையைப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாகரிகமான புறநகர். அங்கே கிறிஸ்தவர்களோடு சுமுகமாக வாழும் யூதர்கள். ஐரோப்பாவில் தப்பிப் பிழைத்த பதினெட்டு அநாதைப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வேத பாடசாலை. கறுப்புத் தொப்பியும் கறுப்பு அங்கியுமாகக் கடைத்தெருவுக்கு வரும் ஒரு ஆள். அந்த ஆளைப் பார்க்க ஊர் யூதர்களுக்குத்தான் பொறுக்கவில்லை, கிறிஸ்தவர்களுக்கு அல்ல. வக்கீல் ஈலை பெக்கை ஏவுகிறார்கள். அவன் தன்னுடைய நல்ல உடுப்பைக் கொடுத்தனுப்புகிறான். கறுப்பு உடுப்பு அவன் வாசலுக்கு வந்து சேருகிறது. அதைத் தானே மாட்டிக்கொண்டு ஊர் பார்க்கத் தெருவில் நடந்து, ஆஸ்பத்திரியில் அன்று பிறந்த தன் மகனைப் பார்க்கப் போகிறான் வக்கீல். பைத்தியம் என்று ஊசி போடுகிறார்கள். 'காவலன்' கதையில் சிக்கனம் அதிகம்; இதில் ஆழம் அதிகம்.

இந்தக் கதைகளை இப்போது மறுபடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. யார் யுத்தத்துக்குப் போவது, 'நாம்' என்று யார் பேசுவது என்ற மார்க்ஸின் இரண்டு கேள்விகளும் சில வருஷங்களாகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கே வந்துவிட்டன.

1948-இல் இஸ்ரேல் பிறந்தபோது, வேதம் படிக்கும் சுமார் 400 மாணவர்களைப் பட்டாள சேவையிலிருந்து பென் குரியன் விலக்கி வைத்தார். ஐரோப்பாவில் வேத பாடசாலைகள் அழிந்துபோயிருந்த சமயம். விளக்கு அணையாமல் இருக்கட்டும் என்ற எண்ணம். 2024-இல் அந்த விலக்கை அனுபவித்தவர்கள் சுமார் 63,000 பேர். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள்; 251 பேரைக் காஸாவுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பின் வந்த யுத்தத்தில் காஸாவில் 60,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று அங்குள்ள சுகாதார இலாகாவின் கணக்கு. இஸ்ரேலின் ரிஸர்வ் பட்டாளத்தார், வேலையையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள், அந்தத் தெருவுப் பிள்ளைகள் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். 2024 ஜூன் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த விலக்குக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. மறு வருஷம் இதே தகராறில் ஹரேதிக் கட்சிகள் மந்திரிசபையை விட்டு வெளியேறின.

இதைப் பார்த்துவிட்டு, 'கிராஸ்பார்ட் அறுபத்து மூவாயிரம் பேராகப் பெருகிவிட்டான்' என்று எழுதிவிடலாம். கை துறுதுறுக்கும். ஆனால் கதையைச் சரியாகப் படித்தவன் அப்படி எழுதமாட்டான். கிராஸ்பார்ட்டுக்குப் பிரார்த்தனை ஒரு சாக்கு. பாடசாலையில் விடியற்காலையிலிருந்து குனிந்து படிக்கிறவனுக்கு அது சாக்கல்ல. தான் படிக்கிற படிப்புத்தான் ஜனங்களைக் காப்பாற்றுகிறது என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். அவன் கண்ணில் அவன்தான் காவலன். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு இது பதிலாகாது என்பதும் உண்மை. பொய்யனை எதிர்த்து மார்க்ஸால் டெலிபோனை எடுக்க முடிந்தது. எதிரே நிற்பவன் பொய்யனாக இல்லாவிட்டால் மார்க்ஸ் என்ன செய்வான்? ராத் அந்தக் கதையை எழுதவில்லை. அது எழுதப்படுமானால் ஹீப்ரு மொழியில்தான் எழுதப்படும்.

'நாம்' என்ற கேள்வி அமெரிக்காவில் வேறு விதமாக வந்தது. 2023 அக்டோபர் 18-ஆம் தேதி, போரை நிறுத்தக் கோரி யூதர்கள் கூட்டம் ஒன்று வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டிடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தது. 300 பேருக்கு மேல் கைதானார்கள். எங்கள் பெயரைச் சொல்லி வேண்டாம் என்பது அவர்கள் கோஷம். நாலு வாரம் கழித்து நவம்பர் 14-ஆம் தேதி, அதே ஊரில், இஸ்ரேலை ஆதரித்தும் பணயக் கைதிகளை மீட்கக் கோரியும் அமெரிக்க யூதர்கள் மிகப் பெரிய பேரணி நடத்தினார்கள். ஒரு வீட்டில் தகப்பன் ஒரு கூட்டத்திலும் மகள் ஒரு கூட்டத்திலுமாக இருந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் பேசியவர்களுக்குப் பின்னால் ஐரோப்பாவில் செத்த அதே தாத்தா பாட்டிகள் நின்றார்கள். 1959-இல் அவர்களுக்குப் பயம், அந்நியன் காதில் விழுந்துவிடுமே என்பது. இன்று வீட்டுக்குள்ளேயே ஒருவர் மற்றவரைத் துரோகி என்கிறார்கள்.

கதையின் கடைசிப் பக்கத்தில் கிராஸ்பார்ட், மார்க்ஸைப் பார்த்து, உன் யூத விரோதத்துக்கு எல்லையே இல்லையா என்று கத்துகிறான். எனக்கு யார் பார்த்துக்கொள்வது என்ற அர்த்தத்தில் அழுகிறான். நம் எல்லோருக்காகவும்தான் இதைச் செய்தேன் என்கிறான் மார்க்ஸ். அந்த 'நம் எல்லோருக்கும்' யார் யார் என்று ராத் பட்டியல் போடவில்லை. யூதர்களா, அந்த மூன்று பையன்களா, பாரக்கில் உள்ள அத்தனை பேருமா? வெளியே வந்து மார்க்ஸ் நிற்கிறான். ஜன்னல்களுக்கு உள்ளே பையன்கள் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டும், பெட்டிகளைச் சரிசெய்துகொண்டும், வரப்போவதை ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மார்க்ஸுக்குத் தோன்றுகிறது. பலம் முழுவதையும் திரட்டி அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, திரும்பாமல் நிற்கிறான்.