நாற்பது விநாடி, நான்கு பேர்

2013 ஏப்ரல், அகஸ்டா. மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஆட வந்திருந்த சீனச் சிறுவன் குவான் தியான்லாங்குக்கு வயது 14. பள்ளிக்கூடத்துப் பையன், அமெச்சூர். இரண்டாம் நாள் 17-ஆவது குழியில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த மட்டையை எடுக்கலாம் என்று யோசித்தபடி நின்றுவிட்டான். ஏற்கெனவே எச்சரித்திருந்த நடுவர், ஆமை வேகத்துக்குத் தண்டமாக அவன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டினார். அந்த ஓர் அடியால் சனி, ஞாயிறு ஆட்டங்களுக்குத் தகுதி பெறும் வாய்ப்பே ஊசலாடியது. எப்படியோ கரையேறினான். அந்த ஆண்டு மாஸ்டர்ஸின் சிறந்த அமெச்சூரும் அவனே. தண்டத்தைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, 2018 ஜனவரி. கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் திடலில் ஜே.பி. ஹோம்ஸ் கடைசிக் குழியில் இரண்டாவது அடிக்காக நின்றார். நாலு நிமிடத்துக்கும் மேல் நின்றார். கூட ஆடிய அலெக்ஸ் நோரன் முதலிடத்துப் போட்டியில் இருந்தவர். அவர் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்து, தன் முறை வந்ததும் பந்தை, குழி இருக்கும் கிரீனைத் தாண்டி அடித்தார். இவ்வளவு யோசித்த ஹோம்ஸ், கடைசியில் கிரீனைக் குறிவைக்கவே இல்லை. பந்தைப் பத்திரமாகப் பாதித் தூரத்துக்குத் தட்டிவிட்டார். ஹோம்ஸுக்குத் தண்டம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு ஒரு சட்டம், பெரிய ஆளுக்கு ஒரு சட்டம் என்பது கோல்ஃபுக்கு மட்டும் உரிய குணம் இல்லை என்பதால் அதை விடுவோம். வார இறுதியில் ஆடுகிற நம்மூர் அமெச்சூர்கள் இந்த இருவரில் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். சந்தேகமே வேண்டாம், ஹோம்ஸிடம்தான்.

திருச்சியிலிருந்து கோல்ஃப் ஆடக் கிளம்புகிறவர்களுக்குக் கொடைக்கானலோ கோயம்புத்தூரோதான் வழக்கம். காரில் ஐந்து மணி நேரம் போய், அறை எடுத்து, திடலுக்குக் கட்டணமும் கட்டி, வருடத்தில் சில தடவையே மட்டையைத் தொடுகிறவர், ஒவ்வொரு அடியையும் அடித்து முடித்துவிட மனமில்லாமல் ஆடுவார். அதில் நியாயம் இருக்கிறது. நாலு தடவை காற்றில் வீசிப் பார்ப்பார். புல்லைக் கிள்ளிப் பறக்கவிடுவார். இரண்டடி தூரத்திலிருந்து குழிக்குள் தட்டிவிடும் பட்டுக்கு மண்டியிட்டுச் சரிவு பார்ப்பார். ஞாயிறு இரவு டிவியில் பார்த்தது எல்லாம் இங்கே அரங்கேறும். பந்து போகிற திசை மட்டும் டிவியில் பார்த்தது போல இருக்காது.

இதில் என்ன போயிற்று, பத்து விநாடிதானே என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம். சுமாராக ஆடும் ஒருவர் 18 குழிகளுக்கு 90 அடி எடுப்பார். நாலு பேர் குழு என்றால் 360 அடி. அடிக்குப் பத்து விநாடி கூடினால் 3,600 விநாடி. ஒரு மணி நேரம் முழுசாகப் போய்விட்டது.

2019-இல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகள் ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம், பெரும்பாலும் அதற்குள்ளேயே முடித்துவிடலாம் என்று பரிந்துரைக்கின்றன. பலர் இதை வரம்பாக அல்ல, உரிமையாக எடுத்துக்கொள்கிறார்கள். 360 அடிக்கும் தலா 40 விநாடி என்று ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்கினால், அடிப்பதற்கு மட்டும் நாலு மணி நேரம். ஏழெட்டுக் கிலோமீட்டர் நடை தனி. ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது. யாருமே விதியை மீறவில்லை. ஆனாலும் திடல் முழுக்க நின்றுபோயிருக்கும்.

ஆகவே, அடிக்கும் நேரத்தை அளப்பதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. மற்றவர் அடிக்கும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது மறுபாதி. தூரம் பார்ப்பது, மட்டையை எடுப்பது, கையுறை மாட்டுவது, சரிவைக் கணிப்பது எல்லாவற்றையும் அடுத்தவர் முறையிலேயே முடித்துவைத்தால், தன் முறையில் இருபது விநாடி தாராளம். விதிப் புத்தகமே இப்போது, தொலைவில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்ற பழைய சம்பிரதாயத்தைத் தளர்த்தி, மொத்த அடிகளை எண்ணும் முறை ஆட்டத்தில் தயாராக இருப்பவர் முதலில் அடிக்கட்டும் என்று ஊக்கம் தருகிறது. தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிடம் இருந்தது மூன்றாகிவிட்டது. கொடிக்கம்பைக் குழியிலிருந்து எடுக்காமலே பட் செய்யலாம். எல்லாம் நல்ல திருத்தங்கள். ஆனால் நம்மூர் கிளப்களில் இன்னும் "நீங்க அடிங்க சார்", "இல்ல இல்ல, உங்க முறை சார்" என்ற உபசாரத்திலேயே அரை நிமிடம் கரைகிறது.

மெதுவாக ஆடுகிறவரை மட்டும் திட்டித் தீர்ப்பது சுலபம். கிளப் நிர்வாகங்களுக்கு அது வசதியும்கூட. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு நிர்வாகத்தின் பங்கு என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிகொண்ட பெருமாள் ஆயிற்றே, திருமுகம் முதல் திருவடி வரை கண்ணை ஓட்டவே சில விநாடி வேண்டும். சந்நிதியில் ஒருவர் கூடுதலாக நின்றால் "நகருங்கோ, நகருங்கோ" என்று குரல் வரும். ஆனால் வெளியே வரிசை நீள்வதற்குக் காரணம் அந்த ஒருவர் மட்டும் இல்லை. உள்ளே நிமிடத்துக்கு எத்தனை பேர் சேவிக்க முடியுமோ அதைவிட அதிகம் பேரை வாசலில் விட்டுக்கொண்டே இருந்தால், எல்லாரும் ஓட்டமாக ஓடினாலும் வரிசை நீளத்தான் செய்யும்.

கோல்ஃப் திடலில் அந்தச் சந்நிதி, மூன்று அடியில் முடிக்க வேண்டிய பார்-3 குழி. பார்-4 நீளமானது. ஒரு குழு கிரீனில் இருக்கும்போது அடுத்த குழு ஃபேர்வேயில் நடந்துகொண்டிருக்கலாம். பார்-3இல் அது முடியாது. நாலு பேரும் அடித்து, நடந்து, பட் செய்து, விலகிய பிறகே பின்னால் வருபவர் மட்டையைத் தூக்கலாம். அங்கே ஒரு குழுவுக்கு 11 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். கிளப்போ, உறுப்பினர்கள் எல்லாருக்கும் காலையிலேயே இடம் கொடுக்க ஆசைப்பட்டு எட்டு நிமிடத்துக்கு ஒரு குழுவை இறக்குகிறது. குழுவுக்கு மூன்று நிமிடம் பாக்கி விழும். பத்தாவது குழு அந்தக் குழியின் தொடக்க இடத்தில் 27 நிமிடம் உட்கார்ந்திருக்கும். முன்னால் இருப்பவர் யாரோ மெதுவாக ஆடுகிறார் என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அன்றைய தாமதம் காலை முதல் பந்து அடிக்கும் முன்பே அட்டவணையில் எழுதப்பட்டுவிட்டது.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. கிரீனுக்கு வந்து சேர்ந்த குழு, பட் செய்வதற்கு முன் ஒதுங்கி நின்று, பின்னால் நிற்பவர்களை அடிக்கச் சொல்லிக் கை காட்டுவது. அவர்கள் அடித்துவிட்டு நடந்து வரும் நேரத்தில் இவர்கள் பட் செய்து முடித்துவிடுவார்கள். நடையும் பட்டிங்கும் ஒரே நேரத்தில் நடப்பதால் குழுவுக்குச் சில நிமிடம் மிச்சம். காசு செலவில்லாத காரியம். நம் திடல்களில் இது ஏன் அன்றாட வழக்கமாகவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டில் மெதுவாக ஆடுவதைக் குறை சொன்னால் உடனே வருகிற பதில், "சதுரங்கத்திலும்தான் யோசிக்கிறார்கள்." 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்ற தொடரில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு 120 நிமிடம் இருந்தது. ஒருவர் ஒரே நகர்த்தலுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். காரணம் எளிது: அவர் செலவழிப்பது தன் கடிகாரத்தை. பின்னால் நெருக்கடி வந்தால் அனுபவிப்பவரும் அவரே. கோல்ஃபில் நான் செலவழிப்பது உங்கள் நேரத்தை. எனக்குப் பின்னால் பத்துக் குழு இருந்தால் பத்துக் குழுவின் நேரத்தை. செலவு ஒருவர் தலையில், சுகம் இன்னொருவருக்கு என்றிருக்கும் ஆட்டத்தில் நல்ல மனசை மட்டும் நம்பியிருக்க முடியாது. கிரிக்கெட் அதைப் புரிந்துகொண்டது. 2023 நவம்பரில் டெல்லியில் ஏஞ்சலோ மேத்யூஸ், புதிதாக இறங்கும் மட்டையாளருக்கான இரண்டு நிமிடக் கெடுவைத் தாண்டி ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் வெளியேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது ஒருநாள், டி20 ஆட்டங்களில் ஓவருக்கு ஓவர் 60 விநாடிக் கடிகாரம் ஓடுகிறது.

கோல்ஃபிலும் செய்து பார்த்தார்கள். 2018 ஜூனில் வியன்னா அருகே ஐரோப்பிய டூர் நடத்திய ஷாட் கிளாக் மாஸ்டர்ஸில் ஒவ்வொரு அடிக்கும் கடிகாரம் வைத்தார்கள். ஒரு சுற்றுக்கான நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. தண்டம் விழுந்ததோ கைவிரலில் எண்ணுகிற அளவுதான். ஃபின்லாந்தின் மிக்கோ கோர்ஹோனன் ஆறு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். வேகமாக ஆடினால் ஆட்டம் கெடும் என்பவர்கள் அந்த வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அமெச்சூர் கிளப்பில் ஆளுக்கு ஒரு கடிகாரம் வைக்க முடியாது. நம் மலைத் திடல்களில் வைத்தாலும் செல்லாது. 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்பில் காட்டுமாடுகள் ஃபேர்வேக்கு நடுவில் நின்று மேயும். அவை நகரும்வரை எந்த 40 விநாடி? மூடுபனி இறங்கிவிட்டால் பந்து போன இடமே தெரியாது. ஊட்டியில் திடலை ஒட்டி மஞ்சள் பூ பூக்கும் முட்புதர்கள். உள்ளே போன பந்து போனதுதான். அங்கே மூன்று நிமிட விதியை மதித்து, போகும்போதே சந்தேகப்பட்ட பந்துக்கு மாற்றாக இன்னொன்றை அடித்துவைப்பது ஒன்றே வழி. கையைக் கீறிக்கொண்டு பத்து நிமிடம் புதருக்குள் துழாவும் மனிதர்களை எந்த விதியும் திருத்தாது.

கடிகாரத்தைவிட ஆட்ட முறையை மாற்றுவதே நமக்குப் பொருந்தும். குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில், புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். 1932-இல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் தொடங்கிவைத்த இந்த முறை நம் கிளப்களுக்குப் புதிதல்ல. ஆனால் பூஜ்யம் என்று தெரிந்த பிறகும் ஒன்பதாவது அடி, பத்தாவது அடி என்று குழி வரை போய்த்தான் தீருவேன் என்கிற வைராக்கியம் நம்மவர்களிடம் நிறைய. கட்டணம் கட்டியாயிற்றே!

இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஒருவர் இருக்கிறார்: பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் கேடி. 2009-இல் இந்திய ஓப்பனை வென்ற பெங்களூரு முனியப்பா கேடியாக இருந்தவர். இலங்கைத் தொழில்முறை ஆட்டக்காரர் தங்கராஜாவும் அந்த வழி வந்தவர்தான். யார் மெதுவாக ஆடுகிறார், எங்கே தேங்குகிறது என்பது திடலிலேயே கேடிக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கிளப் தலைவரிடமோ, ஓய்வு பெற்ற பெரிய அதிகாரியிடமோ "சார், சீக்கிரம்" என்று அவர் சொல்ல முடியாது. சம்பளமோ பெரும்பாலும் மணிக் கணக்கில் இல்லை, சுற்றுக் கணக்கில். காலைச் சுற்று நாலு மணி நேரத்தில் முடிந்தால் மத்தியானம் இன்னொரு பை கிடைக்கும். ஐந்தரை மணி நேரம் ஆனால் அது போச்சு. நாலே கால் மணி நேரத்தைத் தாண்டுகிற ஒவ்வொரு கால் மணிக்கும் கேடிக்குக் கூடுதல் கூலி என்று கிளப்கள் ஸ்கோர் அட்டையிலேயே அச்சிடட்டும். முதல் மாத பில் வீட்டுக்குப் போனதும், இரண்டடி பட்டுக்கு எத்தனை பேர் மண்டியிடுகிறார்கள் என்று பார்க்கலாம்.