டாரஸ் ஜி3சி: விலை பாதி, சோதனை வாங்குபவர் பாடு

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் முந்நூறு டாலருக்குள் கிடைக்கும் 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளில் பரவலாக அறியப்பட்டது டாரஸ் ஜி3சி. பிரேசிலில் 1939-இல் தொடங்கிய டாரஸ் நிறுவனம் 2020-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முந்தைய மாடலான ஜி2சி-யின் உருவத்தையும் அளவையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, டிரிகரையும் குறிகாட்டிகளையும் திருத்தியிருக்கிறார்கள். குழல் நீளம் 3.2 அங்குலம், மொத்த நீளம் ஏறத்தாழ 16 செ.மீ., தோட்டா நிரப்பாத எடை சுமார் 620 கிராம். மேகசினில் 12 தோட்டாவும் அறையில் ஒன்றுமாக 13 தோட்டாக்களோடு சட்டைக்குள் மறைத்து எடுத்துச்செல்லலாம். இதே வேலையைச் செய்யும் கிளாக் 26 ஏறக்குறைய இரு மடங்கு விலை. இந்தியாவில் 9 மி.மீ. சாமானியருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், இந்த விமர்சனம் பேசும் சந்தை அமெரிக்காவுடையது.

மலிவான பிஸ்டல் என்றதும் இரண்டு கேள்விகள் எழும்: குறி தவறாமல் சுடுமா, தேவைப்படும் நேரத்தில் ஜாம் ஆகாமல் இயங்குமா? முதல் கேள்விக்கு விடை எளிது, அது வாங்குபவருக்குச் சாதகமாகவும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு எந்த விமர்சனத்தாலும், இது உட்பட, முழு விடை தர முடியாது. காரணம் ஜி3சி மோசமான துப்பாக்கி என்பதல்ல. ஒரே ஒரு துப்பாக்கியைச் சில நூறு முறை சுட்டுப் பார்த்து நம்பகத்தன்மையை நிறுவ முடியாது என்பது வெறும் கணக்கு. விலையில் மிச்சமான பணத்தின் ஒரு பகுதி, வாங்கியவர் தாமே செய்துகொள்ள வேண்டிய சோதனைச் செலவாகத் திரும்பி வருகிறது. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தபிறகும் ஜி3சி லாபமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

துல்லியத்தை முதலில் முடித்துவிடலாம். ஜி3சி-யின் உள்ளே இருப்பது ஜான் பிரௌனிங் நூறாண்டுகளுக்கு முன்பே வகுத்த ஏற்பாடு. தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலும் அதன்மேல் முன்பின் ஓடும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னகரும். அழுத்தம் தணிந்ததும் குழலின் பின்முனை தாழ்ந்து பூட்டு விடுபடும். விலையுயர்ந்த பிஸ்டல்களில் பெரும்பாலானவையும் இதே வழியில்தான் இயங்குகின்றன. கணினி கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் வந்தபின் நேர்த்தியான எஃகுக் குழலைக் கடைவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை இல்லை. தற்காப்புக்குரிய ஐந்து, பத்து மீட்டர் தூரத்தில் துப்பாக்கியின் சொந்தச் சிதறலைவிடச் சுடுபவர் கையின் சிதறல் பல மடங்கு பெரிது. முன் குறிகாட்டிக்கும் பின் குறிகாட்டிக்கும் இடையே சுமார் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் குறிகாட்டி ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், பத்து மீட்டரில் தோட்டா ஏழரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய குட்டைத் துப்பாக்கியும் இந்த வடிவியலிலிருந்து தப்பாது.

டிரிகருக்கும் இதில் பங்குண்டு. டிரிகரை இழுக்க இரண்டரை கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டியிருக்கும்போது, துப்பாக்கியின் எடை அதில் நான்கில் ஒரு பங்குதான். விரல் நேராகப் பின்னோக்கி அழுத்தாவிட்டால் துப்பாக்கி முழுவதுமே பக்கவாட்டில் திரும்பிவிடும். ஜி3சி-யின் டிரிகர் முதலில் நெடுந்தூரம் தளர்வாக நகர்ந்து, பிறகுதான் இறுகுகிறது. அந்த இறுக்கத்துக்குப்பின் விடுபடும் இடம் தெளிவாகவே தெரிகிறது. போட்டிக்குச் சுடுபவருக்கு இது பிடிக்காது. பழகிக்கொள்பவருக்கு இடைஞ்சல் இல்லை. காகிதக் குறியில் மூன்று துளைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். மூன்றே மூன்று தோட்டாக்கள் நெருங்கி விழுவதில் தற்செயலுக்கு இடம் அதிகம். பத்துத் தோட்டாக்களின் பரவலைக் காட்டினால்தான் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம். துல்லியத்தைக் காரணம் காட்டி ஜி3சி-யை ஒதுக்குபவர், விலையுயர்ந்த துப்பாக்கிக்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தால் நல்ல பலன் காண்பார்.

நம்பகத்தன்மைக்கு வந்தால் நிலைமை வேறு. குட்டைப் பிஸ்டல் எந்த விலையிலும் கடினமான பொறியியல். ஸ்லைடின் எடை குறைவு, அது ஓடும் தூரமும் குறைவு. ஆனால் எதிர்கொள்ளும் தோட்டாவின் சக்தி பெரிய பிஸ்டலுக்கு உள்ளதேதான். ஆகவே ஸ்லைடு வேகமாகப் பின்னோடி வேகமாகத் திரும்புகிறது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் காலித் தோட்டாவை இழுத்து வெளியே எறிய வேண்டும். மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளி நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தாலும், நுனி குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவின் அகன்ற மூக்கு அறைக்கு ஏற்றும் சாய்தளத்தில் இடித்தாலும், பிடித்திருக்கும் மணிக்கட்டு தளர்ந்தாலும் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். அதிலே மலிவும் சேரும்போது, உற்பத்தியாளர் எங்கே செலவைக் குறைத்தார் என்ற கேள்வி வருகிறது. மேற்பூச்சிலும் உட்பகுதியின் மெருகிலும் குறைத்தால் பெரிய இழப்பில்லை. துப்பாக்கிக்குத் துப்பாக்கி செய்யும் பரிசோதனையில் குறைத்திருந்தால், ஒரே மாடலில் நல்லதும் கெட்டதும் கலந்து வரும். அப்போது விமர்சகர் கைக்கு வந்த துப்பாக்கி, கடையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் துப்பாக்கிக்குச் சாட்சி சொல்லாது.

இங்கேதான் கணக்கு வேண்டும். நூறு தோட்டாக்கள் சுட்டும் ஒருமுறைகூட ஜாம் ஆகவில்லை என்று ஒரு விமர்சனம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் 3 விழுக்காடு தவறும் வாய்ப்புள்ள துப்பாக்கிகூட, அதிர்ஷ்டவசமாக நூறையும் தாண்டிவிட ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட துப்பாக்கியில் 13 தோட்டாக்களையும் தொடர்ந்து சுட்டால், மூன்று முறைக்கு ஒருமுறை நடுவில் நின்றுபோகும். முந்நூறு தோட்டாக்கள் குறையின்றி ஓடினால், இருபதில் ஒரு பிழைக்கு இடம் வைத்த அதே உறுதியுடன் சொல்லக்கூடியது தவறும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்காது என்பதுதான். அந்த 1 விழுக்காடுகூட 13 தோட்டாக்களுக்கு எட்டில் ஒருமுறை தடங்கலாகிறது. கலிபோர்னியா 1999-இல் இயற்றிய கைத்துப்பாக்கிச் சட்டமும் இந்த 1 விழுக்காட்டு அளவைத்தான் ஏற்கிறது. ஒரு மாடலில் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டாக்கள் சுட வேண்டும். முதல் இருபதில் தவறே கூடாது. ஒவ்வொரு துப்பாக்கியின் 600-இலும் தவறுகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. சட்டம் கேட்கும் குறைந்தபட்சமே 600 எனும்போது, நூறு தோட்டாக்களோடு முடியும் பாராட்டுரைக்கு என்ன எடை இருக்க முடியும்?

தோட்டாக்கள் பகடை இல்லை, தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நேர்வதில்லை என்று ஒருவர் மறுக்கலாம். அது உண்மைதான். ஒரு மேகசின் கெட்டிருந்தால் தவறுகள் அந்த மேகசினிலேயே குவியும். ஒரு வகைத் தோட்டா ஒத்துவராவிட்டால் அந்தப் பெட்டியிலேயே குவியும். புதுத் துப்பாக்கியில் முதல் ஐம்பதுக்குள் குவிவதும் உண்டு. ஆனால் இந்த மறுப்பு சோதனையை இன்னும் கடுமையாக்குகிறதே தவிரத் தளர்த்தவில்லை. எடுத்துச்செல்லப்போகும் மேகசின்கள் ஒவ்வொன்றையும், நிரப்பப்போகும் அதே தற்காப்புத் தோட்டாவைக் கொண்டு, தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். மலிவான பயிற்சித் தோட்டாவில் முந்நூறு ஓடியது என்பது, வேறு வடிவ மூக்கு கொண்ட தோட்டாவுக்கு உத்தரவாதம் ஆகாது.

அப்படியானால் விலையுயர்ந்த துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தானே, ஏன் டாரஸை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. கணக்கு ஒன்றுதான், கணக்கு தொடங்கும் இடம் வேறு. கிளாக் பிஸ்டல்கள் பல நாடுகளின் காவல்துறைகளில் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை, எஃப்.பி.ஐ. 2016-இல் மீண்டும் கிளாக்கையே தேர்ந்தது. பல்லாயிரம் துப்பாக்கிகளின் பராமரிப்புப் பதிவுகள் அதற்குப் பின்னணியில் நிற்கின்றன. ஜி3சி-க்கு அப்படிப்பட்ட பெரிய நிறுவன வாடிக்கையாளர் யாரும் சாட்சிக்கு நிற்கவில்லை. அதே சமயம் மலிவு என்றாலே ஓட்டை என்ற பழைய எண்ணமும் செல்லாது. 1970-களிலும் 80-களிலும் தெற்குக் கலிபோர்னியாவில் ரேவன் போன்ற நிறுவனங்கள் துத்தநாகக் கலவையை வார்த்து, பூட்டு ஏற்பாடே இல்லாத சிறு பிஸ்டல்களை விற்றன. எஃகு ஸ்லைடு, பூட்டும் குழல், தோட்டாவை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும் உள்ளமைப்பு எல்லாம் கொண்ட ஜி3சி-யை அந்த வரிசையில் வைக்க முடியாது. வடிவமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. தரம் ஒரே சீராக வருகிறதா என்பதில்தான் சான்று போதாது.

டாரஸ் பெருமையாகச் சொல்லும் ஒரு வசதி மறுமுறை அடிக்கும் டிரிகர். தோட்டா வெடிக்காவிட்டால் ஸ்லைடை இழுக்காமலே டிரிகரை மீண்டும் அழுத்தலாம். ஸ்ட்ரைக்கர் அதே தோட்டாவை இன்னொருமுறை அடிக்கும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் துப்பாக்கி மௌனமாவதற்கான காரணங்களில் வெடிக்காத தோட்டா ஒன்றே ஒன்று. அறைக்குள் தோட்டா ஏறவே இல்லை, காலித் தோட்டா சிக்கிக்கொண்டது என்பவை மற்றவை. பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும் பரிகாரம், மேகசினை அடியில் தட்டி, ஸ்லைடை இழுத்து விடுவது. சுடுதளத்தில் வெறும் டிரிகர் பயிற்சிக்கு அந்த வசதி உதவும். ஆபத்தில் அதை நம்பினால் விலைமதிப்புள்ள நொடிகள் வீணாகும்.

நம்பகத்தன்மைக்கு இன்னொரு முகம் உண்டு: வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்காமல் இருப்பது. தினமும் இடுப்பில் செருகிச் செல்லும் துப்பாக்கி சுடப்படுவதைவிடக் கைதவறி விழுவதற்கே வாய்ப்பு அதிகம். இதைத் தனிமனிதர் சோதித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. இங்கே டாரஸின் வரலாறு தூய்மையாக இல்லை. பிடி-111 மில்லேனியம் உள்ளிட்ட பழைய மாடல்கள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கில், 2015-இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசத்துக்கு வந்தது; ஜி2, ஜி3 வரிசைகள் அதில் சேர்ந்தவை அல்ல. 2023-இல் புதிய ஜிஎக்ஸ்4 மாடலின் ஒரு பகுதிக்கும் இதே காரணத்துக்காக அந்நிறுவனம் எச்சரிக்கை விட்டது. ஆனால் விலை இதற்குக் கவசம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அமெரிக்க இராணுவம் தேர்ந்தெடுத்த சிக் நிறுவனத்தின் பி320 பிஸ்டலின் பொதுச்சந்தைப் பதிப்பு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிப்பதாகத் தெரியவந்து, 2017-இல் அந்த நிறுவனம் இலவச மாற்றத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது. வழக்கமான விழுதல் சோதனைகளை அது ஏற்கெனவே தாண்டியிருந்தது. 1972-இல் அமைந்த அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் விலக்கப்பட்டிருக்கின்றன. பழுதான ரொட்டி சுடும் கருவியைத் திரும்பப் பெறச் சொல்ல ஆணையத்தால் முடியும். பழுதான பிஸ்டலை முடியாது. எனவே வாங்கியவர் தம் துப்பாக்கியின் வரிசை எண்ணை நிறுவனத்தின் எச்சரிக்கைகளோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பதும் சோதனையில் ஒரு பகுதியே.

பணம் இல்லாதவர்தானே மலிவானதை வாங்குகிறார், அவரிடம் போய் முந்நூறு தோட்டா சுடு என்பது நியாயமா என்பது கடைசி மறுப்பு. இதில் வலு இருக்கிறது. பயிற்சித் தோட்டா ஒன்று சுமார் கால் டாலர், தற்காப்புத் தோட்டா ஒரு டாலரை ஒட்டி. இருநூறு முன்னதும் நூறு பின்னதும் சுட்டால் ஏறத்தாழ 150 டாலர். 280 டாலர் துப்பாக்கியின் உண்மை விலை அப்போது 430 ஆகிறது. அதுவும் கிளாக் 26-இன் வெறும் விலையைவிடக் குறைவுதான். அத்துடன் அந்தச் செலவில் துப்பாக்கி மட்டும் சோதிக்கப்படுவதில்லை; சுடுபவர் கையும் பழகுகிறது. நெருக்கடியில் குறி தவறுவதற்கு முதல் காரணம் பழகாத கை என்பதால், இதை வீண்செலவு என்று சொல்ல இடமில்லை.

ஆக, தீர்ப்பு நிபந்தனையோடு வருகிறது. முந்நூறு தோட்டாக்களுக்கும் பணத்தையும் பொழுதையும் ஒதுக்கி, எல்லா மேகசின்களையும் ஓட்டிப் பார்த்து, நடுவில் ஒருமுறை ஜாம் ஆனாலும் காரணம் தெரியும்வரை கணக்கை முதலிலிருந்து தொடங்கத் தயாராக இருப்பவருக்கு ஜி3சி நல்ல கொள்முதல். பெட்டியைப் பிரித்து, தோட்டா நிரப்பி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு மறக்கப்போகிறவர் இதை வாங்கக் கூடாது. அவருக்கு வேண்டியது பிறர் ஏற்கெனவே சோதித்துத் தந்த துப்பாக்கி. அந்தச் சோதனைக்கான கூலிதான் கூடுதல் விலை.