சேவலும் மணிக்கூண்டும்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை நம் பகுதியில் அறியாதார் இலர். சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள ஊர்களின் திருவிழாக் கடைகளில் அவற்றை விரும்பி வாங்காத குடும்பமும் அரிது. களிமண் கலவையை அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையிலிட்டு எடுத்த பின்னர், ஒருவர் அமர்ந்து அதற்குக் கண் எழுதுகிறார். கண் எழுதிய பிறகே அது பொம்மை. அதுவரை அது சுட்ட மண் மட்டுமே. ஆயினும், அந்தக் கண்ணை எழுதியவர் யார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதுபவர் படைப்பாளர், படம் வரைபவர் கூலிக்காரர் என்னும் எண்ணம் நம்முள் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

அந்த எண்ணத்தை வேரோடு அசைக்கும் படநூல் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியரான பஜ்ஜு ஷியாம் படைத்த ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்னும் அந்நூல், 2004ஆம் ஆண்டு சென்னைத் தாரா பதிப்பகத்தால் வெளியிடப்பெற்றது. கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய பதிப்பகம் அது. சிறுவர்க்கும் பெரியவர்க்கும் ஒருங்கே பொருந்தும் இந்நூல் வெளிவந்து ஆண்டுகள் பல கடந்தும், அது எழுப்பும் கேள்வி நம்மைவிட்டு அகலவில்லை.

முதலில் படைப்பாளரின் வாழ்வைக் காண்போம். பஜ்ஜு 1971இல் பாடன்கர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். கோண்டு மக்களுள் பர்தான் எனப்படும் பிரிவினர் அவர். ‘பானா’ என்னும் நரம்புக் கருவியை இசைத்து, குலக்கதைகளைப் பாடிப் பரிசில் பெறுவது பர்தான்களின் மரபுத்தொழில். நம் சங்ககாலப் பாணர்களை நினைவூட்டும் வாழ்வு. வீட்டுச் சுவரிலும் தரையிலும் வண்ண மண்ணால் கோலமிடுவது அங்குப் பெண்களின் வழக்கம். பாட்டும் கோலமும் ஒரே வீட்டில் வாழ்ந்தன என்பதை நினைவிற்கொள்க. கதையும் படமும் இவரிடத்தில் பிரியாதிருப்பதற்கான விளக்கம் அதிலேயே அடங்கியுள்ளது.

வறுமை அவரைப் போபால் நகருக்குத் துரத்தியது. இரவுக் காவலராகவும் மின்பணியாளராகவும் அவர் பிழைத்தார். அந்நகரில் அவருடைய சிற்றப்பா முறையினரான ஜங்கர் சிங் ஷியாம் புகழ்பெற்ற ஓவியராக விளங்கினார். ஊர்ச்சுவரில் அவர் தீட்டிய உருவங்களே, 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் வழியாக அவரைப் போபாலின் பாரத் பவனுக்குக் கொண்டு வந்து சேர்த்தன. கோண்டு மரபு சுவரிலிருந்து தாளுக்கு இறங்கியது அவர் கையால்தான். பஜ்ஜு அவரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். ஆசான் வரைந்த உருவங்களுக்குள் புள்ளிகளும் கோடுகளும் இட்டு நிரப்புவதே தொடக்கநிலைப் பயிற்சி. கோண்டு ஓவியர் ஒவ்வொருவருக்கும் தமக்கே உரிய நிரப்புக்கோலம் ஒன்று உண்டு. அதுவே அவர் கையொப்பம். அத்தகைய கையொப்பம் ஒரே நாளில் வருவதன்று. பிறருடைய உருவங்களை நிரப்பி நிரப்பியே ஒருவர் தம்முடைய கோட்டைக் கண்டடைகிறார்.

2002இல் இலண்டனின் இஸ்லிங்டன் பகுதியிலிருந்த இந்திய உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்டப் பஜ்ஜு அழைக்கப்பட்டார். ஏறத்தாழ இரு மாதங்கள் அங்கு உழைத்துத் திரும்பினார். கூலி பெற்று ஊர் திரும்பியதோடு முடிந்திருக்க வேண்டிய கதை அது. நம் பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று திரும்பும் இளைஞரிடம் நாம் கேட்பது என்ன? எவ்வளவு சம்பாதித்தாய் என்கிறோம். என்ன கொண்டுவந்தாய் என்கிறோம். என்ன கண்டாய் என்று கேட்பவர் எவரேனும் உண்டோ? பஜ்ஜுவிடம் அக்கேள்வியைக் கேட்பதற்கு இருவர் இருந்தனர். தாரா பதிப்பகத்தின் கீதா வுல்ஃபும் சிரிஷ் ராவும் அவர் இந்தியில் சொன்னவற்றைப் பொறுமையாகக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத்தாக்கினர். அவரோ கண்டவற்றைக் கோண்டு மரபின் கண்கொண்டு வரைந்தார். நூல் பிறந்தது.

இனி ஓவியங்கள். வானூர்தியில் ஏறிய பஜ்ஜுவுக்கு, அத்துணைப் பெரும்பாரம் மேலெழுவது யானை பறப்பதை ஒத்திருந்தது. ஆகவே யானையையே பறக்கவிட்டார். நிலத்தடி இரயில் அவர் கையில் மாபெரும் மண்புழுவாயிற்று. கோண்டு கதைகளில் மண்ணுக்கடியிலுள்ள உலகு மண்புழுவின் ஆட்சிக்கு உரியது. நாள்தோறும் தம்மைப் பணியிடம் சேர்த்த 30ஆம் எண் பேருந்தை நன்றியுள்ள நாயாக வரைந்தார். மாலை மங்கியதும் மதுக்கடைகளை நாடிக் கூடும் இலண்டன் மக்கள் வௌவால்களாயினர். அட்டையை அணிசெய்யும் ஓவியமோ அனைத்திலும் சிறந்தது. அதில் பிக் பென் மணிக்கூண்டும் ஒரு சேவலும் ஓருருவாய் இணைந்து நிற்கின்றன. கோண்டு மக்களுக்குக் காலத்தை அறிவிப்பது சேவல், இலண்டனுக்கு மணிக்கூண்டு. இரண்டு காலங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் அந்த ஓவியம்.

இவற்றைக் கண்டு, நாகரிகம் அறியாத மனிதரின் வெகுளித்தனம் என்று புன்னகைத்துக் கடந்துபோவோர் உண்டு. அது பெரும்பிழை. மணிக்கூண்டு இன்னதென அறியாமையால் அவர் அதைச் சேவல் என்றாரல்லர். ஓர் ஊர் முழுவதும் எதன் குரலுக்கு எழுகிறது, எதன் சொல்லுக்கு நடக்கிறது என்று அவர் தமக்குள் வினவினார். விடையாகச் சேவல் வந்தது. உருவ ஒற்றுமையைத் தேடும் உவமையன்று இது. பயனை ஆராய்ந்து கண்ட உவமை. வினையும் பயனும் பற்றி வரும் உவமைகளைத் தொல்காப்பியர் காலந்தொட்டு அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒன்றை அறிவதற்கு நாம் முன்னரே நேசித்த ஒன்றே கருவியாகிறது என்பதை இவ்வோவியங்கள் உணர்த்துகின்றன.

நூலின் பெயரில் ஒரு குறும்பும் உண்டு. இதே நடு இந்தியக் காடுகளைக் களமாக வைத்து கிப்ளிங் எழுதிய ‘தி ஜங்கிள் புக்’ 1894இல் வெளிவந்தது. பின்னர் வந்தவர் வெரியர் எல்வின். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, ஆங்கிலிக்கன் குருவாகி, 1927இல் இந்தியாவுக்கு வந்தவர். பின்னாளில் குருத்துவத்தைத் துறந்து பழங்குடி மக்களிடையே வாழ்ந்தவர். கோண்டு ஊர் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல் 1936இல் வெளியாயிற்று. பாடன்கரிலும் அவர் வாழ்ந்தார்; பஜ்ஜுவின் பாட்டனார் அவரிடம் பணியாளராக இருந்தவர். எல்வின் அம்மக்களை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எழுதுகோல் எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தது. பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் மற்றவர் என்னும் ஒழுங்கு மாறவில்லை. இரண்டு தலைமுறை கழித்து, பணியாளரின் பேரன் எல்வினின் தலைநகருக்குச் சென்று அம்மக்களைக் கூர்ந்து நோக்கி வரைகிறார். அவர் வரைந்ததில் பகை இல்லை, ஏளனம் இல்லை. வியப்பும் நகைச்சுவையும் உண்டு. பழிவாங்கலைவிட வலிமை மிகுந்தது இந்தப் பண்பு.

குறை ஒன்றும் சொல்லியாக வேண்டும். நூலின் சொற்பகுதி ‘நான்’ என்று பஜ்ஜுவின் குரலில் பேசுகிறது. ஆனால் அந்த ஆங்கிலம் அவருடையதன்று. நூலின் முகப்பில் மூவர் பெயரும் இருப்பதால் இதில் மறைவேதும் இல்லை; ஆயினும் சில இடங்களில் ஓவியம் தானே சொல்லி முடித்துவிட்டதைச் சொற்கள் மீண்டும் விளக்குகின்றன. சேவலைக் கண்ட சிறுவனுக்குச் சற்று நேரம் மௌனம் தரப்பட வேண்டும். விளக்கம் விரைந்து வந்தால், அவன் தானே கண்டடையும் மகிழ்ச்சி பறிபோகிறது. மறையுரை ஆற்றும் நாமும் இக்குற்றத்தினின்று தப்பியவர்களல்லர்.

படநூலாளரின் உழைப்பு ஓவியத்தோடு முடிவதில்லை என்பதற்கு 2006இல் வந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ சான்று. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், இராம் சிங் உர்வேதி ஆகிய மூவரின் மர ஓவியங்கள் கொண்டது அது. பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த கருந்தாளில், ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே திரைவழி அழுத்தி, காயவைத்து, மீண்டும் அடுத்த வண்ணத்தை ஏற்றி, சென்னைப் பட்டறையில் தொழிலாளர்கள் கையாலேயே அச்சிட்ட நூல். ஒவ்வொரு படிக்கும் எண்ணிட்டனர். 2008இல் இத்தாலியின் பொலோஞ்ஞா சிறுவர் நூற்கண்காட்சியில் அது விருது பெற்றது. பஜ்ஜுவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருதுகளைவிட நாம் போற்றுவது வேறொன்றை: ஓவியர் பெயர் நூலின் முகப்பில் ஆசிரியர் பெயராக அச்சிடப்பட்டதை.

இந்நூலை மறைக்கல்வி வகுப்புச் சிறுவரிடம் காட்டி, நம் ஊரில் நீங்கள் கண்ட பெரியதொன்றை இவ்வாறு வரையுங்கள் என்றோம். ஒரு சிறுமி நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வாரும் இராட்சத இயந்திரத்தை நண்டாக வரைந்தாள். ஏன் என்றோம். “நண்டுதானே சாமி வரப்பைத் தோண்டும்? அப்புறம் தண்ணி நிக்காது” என்றாள். வெள்ளாற்றுப் பாசன வயல்களுக்கு நடுவே வளரும் குழந்தை அவள். இயந்திரத்தின் ஆற்றலையும் உழவரின் அச்சத்தையும் ஒரே உருவத்தில் சொல்லிவிட்டாள்.

அந்த நண்டைக் கண்டபோது, பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கு நினைவுக்கு வந்தது. பீடத்தின் பின்சுவரில் நல்லாயன் ஓவியம் தீட்ட அக்கம்பக்கத்து ஓவியர் ஒருவரை அமர்த்தியிருந்தோம். அவர் ஆயனைச் சூழ வரைந்தவை நம் தரிசில் மேயும் ஆடுகள்: செந்நிறத்தன, மெலிந்த காலின, தொங்கிய காதின, மயிர் குறைந்தன. நமக்குப் பிடிக்கவில்லை. நாட்காட்டியில் இருந்த வெண்பஞ்சு ஆடுகளைக் காட்டி, இப்படி மாற்றுங்கள் என்றோம். அவர் மறுமொழி ஏதும் சொல்லாமல் சுண்ணாம்பு பூசி அழித்துவிட்டு, நாம் கேட்டவாறே வரைந்து கொடுத்தார். திறப்பு விழாக் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர்கள் இடம்பெற்றன. பங்குத்தந்தையாகிய நம் பெயரும் இடம்பெற்றது. அவர் பெயர் இல்லை.

விடுதலைப் பயண நூலில், திருக்கூடாரத்தை அமைக்கும் கைவினைஞர் பெட்சலேலை இறைவன் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர் தந்தை பெயரும் பாட்டன் பெயரும் அங்கே குறிக்கப்பெற்றுள்ளன. குருமடத்தில் அப்பகுதியைப் பலமுறை படித்தவர் நாம். இருந்தும், நம் சுவரில் வரைந்தவரின் பெயரைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை. அதனினும் பெரிய பிழை, தம் கண்ணால் ஆயனைக் கண்ட ஒருவரை, காணாத ஆடுகளை வரையச் சொன்னது.

சிறுமியின் நண்டு இப்போது வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அடியில் அவள் பெயரையும் அவளையே எழுதச் செய்தோம்.