ரெட்பஸ் கதையில் விட்டுப்போகும் பகுதி

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். பி.இ. கடைசி வருஷம். கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. "மாமா, நான் சேரப் போறதில்ல, ஸ்டார்ட்டப் பண்ணப் போறேன்" என்றான். என்னடா ஐடியா என்றால், ஹாஸ்டலில் சலவைக்குப் போடுகிற துணி தொலைந்துகொண்டே இருக்கிறதாம், அதற்கு ஒரு ஆப். "ரெட்பஸ்ஸும் இப்படித்தானே மாமா ஆரம்பிச்சுது?"

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2005 தீபாவளி. பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் இன்ஜினியராக இருந்த பணீந்திர சாமாவுக்கு ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே பிட்ஸ் பிலானி நண்பர்கள் இரண்டு பேரோடு ரெட்பஸ் தொடங்குகிறார். 2013-ல் ஐபிபோ குழுமம் அதை வாங்குகிறது. மேடைகளில் இப்படித்தான் தீபாவளியிலிருந்து நேரா 2013-க்குத் தாவுவார்கள்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நானே கோயம்பேட்டில் பையோடு விடிய விடிய நின்றிருக்கிறேன். திட்டிவிட்டு, படிக்கட்டோரமாக உட்கார்ந்து ஊருக்குப் போனேன், அவ்வளவுதான். எரிச்சல் எல்லோருக்கும் ஒன்றுதானே? சாமா செய்த வித்தியாசமான காரியம், திரும்பிப்போய் ஏஜென்டுகளிடமும் பஸ் முதலாளிகளிடமும் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கேட்டது.

அங்கே கிடைத்ததுதான் விஷயம். ஒரு ஏஜென்டுக்குத் தனக்குத் தொடர்புள்ள சில பஸ்கள் மட்டுமே தெரியும். சீட் சார்ட் காகிதத்தில், பஸ் கம்பெனியிடம். போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஆக, ஒரு கடையில் "ஃபுல் சார்" என்று கையை விரிக்கும் நேரத்தில், நாலு கடை தள்ளி இன்னொரு பஸ்ஸில் சீட் காலியாக இருக்கலாம். பயணி கண்ணுக்கு டிக்கெட் தட்டுப்பாடு. உள்ளே போய்ப் பார்த்தால் தகவல் தட்டுப்பாடு. முதலில் அவர்கள் முதலாளிகளுக்கு சாஃப்ட்வேர் கொடுக்கப் பார்த்தார்கள், யாரும் ஆர்வம் காட்டவில்லை. பிறகுதான் சில சீட்டுகளை வாங்கி வெப்சைட்டில் நேரடியாக விற்க ஆரம்பித்தார்கள். பஸ் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர் பின்னாடி வந்து சேர்ந்தது.

நெட்ஃபிளிக்ஸ் கதை இன்னும் மோசம். 'அப்போலோ 13' கேசட்டைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்ததற்கு ரீட் ஹேஸ்டிங்ஸ் 40 டாலர் அபராதம் கட்டினார், அந்தக் கடுப்பில் பிறந்த கம்பெனி என்பார்கள். அப்படி நடக்கவில்லை, சொல்வதற்கு வசதியான கதை அது என்று கூட்டாளி மார்க் ராண்டால்ஃபே எழுதிவிட்டார். 1998-ல் அவர்கள் ஒவ்வொரு டிவிடிக்கும் தனித்தனியாகத்தான் வாடகை வாங்கினார்கள். அபராதம் இல்லாத மாதச் சந்தா வந்தது 1999-ல். அபராதத்தின் மேல் உள்ள கோபத்தில் தொடங்கியவர்கள் அதற்கு ஒரு வருஷம் காத்திருப்பார்களா?

சொந்தப் பிரச்சினையிலிருந்து தொடங்கு என்று 2012-ல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை பிரபலம். அதை நான் முழுசாகத் தள்ளவில்லை. பிரச்சினை உள்ள ஒரு ஆளாவது நிச்சயம் இருக்கிறான், அது நீதான். ஆனால் அந்த ஒரு ஆளோடு நின்றுவிடுகிற ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்டில் தண்ணீர் லாரி நேரத்துக்கு வராத கடுப்பில், இரண்டு வருஷ சனி ஞாயிறுகளைக் கரைத்து நான் ஒரு புக்கிங் ஆப் எழுதினேன். ஒரு லாரி டிரைவரிடம்கூடப் பேசவில்லை. லாரி தாமதமாவது நிரப்பும் இடத்து வரிசையில் என்று ஆப்பை மூடிய பிறகுதான் தெரிந்தது.

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "சலவைக்காரரிடம் பேசினியாடா?" என்று மட்டும் கேட்டேன். இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூப்பிட்டான். துணியில் எழுதுகிற நம்பர் மூணு வெளுப்பில் அழிந்துவிடுகிறதாம். "ஆப் எல்லாம் வேணாம் தம்பி, அழியாத மை இருந்தா சொல்லு" என்றாராம் அவர். இப்போது பையன் மை தேடிக்கொண்டிருக்கிறான். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அக்கா தினமும் எனக்குத்தான் போன் பண்ணுகிறாள்.