பாரிஸ், நியூயார்க், தஞ்சைப் பலகை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரூப ஓவியத்தின் தலைநகரம் பாரிஸா, நியூயார்க்கா என்ற வழக்கில் தீர்ப்பு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. தமிழில் எழுதுகிறவர்களும் அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டோம். பொல்லாக்கும் ரோத்கோவும் நம் சிற்றிதழ்களில் பழகிய பெயர்கள். அதே காலத்தில் பாரிஸில் வரைந்த ஃபோத்ரியே, வோல்ஸ், ஹார்ட்டுங், நிக்கொலா தெ ஸ்தால், சூலாஜ் ஆகியோரைப் பற்றி ஒரு பத்திகூடத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

தீர்ப்பு தானாக வந்துவிடவில்லை. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1958-59இல் ‘புதிய அமெரிக்க ஓவியம்’ கண்காட்சியை ஐரோப்பிய நகரங்களுக்கு அனுப்பியது. 1964 வெனிஸ் பியென்னாலேயில் ராஷன்பெர்குக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அமெரிக்க ஓவியத்தின் இருபதாண்டுகளைக் காட்டும் இன்னொரு கண்காட்சி 1967இல் தில்லிக்கே வந்தது. விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க்கும் வந்து பேசினார். பிரெஞ்சுக்காரர்கள் படத்தை மெருகேற்றியே கெடுக்கிறார்கள் என்பது 1950களிலிருந்தே அவருடைய கட்சி. நவீன கலை என்ற எண்ணத்தையே நியூயார்க் திருடிக்கொண்டது என்று செர்ஜ் கில்போ 1983இல் ஒரு புத்தகம் போட்டு எதிர்வழக்கு ஆடினார். இரு தரப்பும் அரசியலைப் பேசிய அளவுக்கு மேற்பரப்பைப் பேசவில்லை என்பது என் குறை.

மேற்பரப்பைப் பார்த்தால் வித்தியாசம் கண்முன் நிற்கிறது. ஃபோத்ரியே 1945இல் பாரிஸில் காட்டிய ‘பிணைக்கைதிகள்’ வரிசையில், கேன்வாஸில் ஒட்டிய தாளின் மேல் வெள்ளை விழுதை அப்பி, புடைத்து நிற்கவிட்டு, அதன்மேல்தான் வண்ணத்தைத் தூவினார். ஏழு ஆண்டு கழித்து நியூயார்க்கில் ஹெலன் ஃபிராங்கன்தாலர் அடிப்பூச்சே இல்லாத துணியைத் தரையில் விரித்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றினார். நிறம் நூலுக்குள் இறங்கியது. பாரிஸில் நிறம் ஏறி நின்றது. நியூயார்க்கில் ஊறிப் போனது. எல்லா ஓவியரும் இந்த வகுப்பில் அடங்கமாட்டார்கள். பொல்லாக்கே அடங்கமாட்டார். ஆனாலும் போக்கு இதுதான்.

இந்த இரண்டும் தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்வழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டார். ஈரச் சுண்ணத்தில் தீட்டியதால் நிறம் சுவரோடு சுவராகிவிட்டது என்று, பூச்சை ஆராய்ந்த எஸ். பரமசிவன் சொன்னார். பலகைப் படமோ நேர்மாறு: பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் கோந்தும் குழைத்த விழுதால் நகையையும் தூணையும் புடைப்பாக எழுப்பி, மேலே தங்கத் தாளை ஒட்டுவார்கள். ஃபோத்ரியே தஞ்சாவூரைப் பார்த்துக் கற்றார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஊறுவதையும் ஏறுவதையும் பிரித்துப் பார்க்கும் கண் இங்கே பழக்கத்தில் உண்டு, அவ்வளவே.

1954 அக்டோபர் வரை காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. ஆனால் நம் ஓவியர்கள் பாரிஸுக்குப் போன வழி அரசலாற்று முகத்துவாரம் அல்ல, சென்னை ஓவியக் கல்லூரி. அங்கே படித்த அக்கித்தம் நாராயணன் 1967இலும் விஸ்வநாதன் 1968இலும் பாரிஸில் போய்த் தங்கினார்கள். அவர்களுக்கு முன்பே, 1950இல், பம்பாயிலிருந்து போனவர் ரஸா. எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாகப் பூசி 1956இல் பாரிஸ் விமர்சகர் பரிசு வாங்கியவர், 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போன பிறகு, மெல்ல அக்ரிலிக்குக்கு மாறினார். இரு கரையையும் தொட்ட இந்தியர் என்று ஒருவரைச் சொன்னால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

ஊரிலேயே இருந்தவர்களின் கதைதான் எனக்குச் சுவாரசியம். சென்னை ஓவியக் கல்லூரி ஆசிரியர் பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும் எழுத்தைப் போன்ற கிறுக்கலும் நெருங்கிக் கிடக்கும். எழுத்துப் போலிருக்கும், வாசிக்க முடியாது. 1966இல் அவரும் மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தபோது, அடுப்பெரிய உதவியது பாத்திக் துணி விற்ற காசு. மெழுகு தடவிச் சாயத்தில் முக்கி எடுக்கும் பாத்திக் என்பது முழுக்க முழுக்க ஊறல் கலை. நியூயார்க்கில் எதைப் புரட்சி என்றார்களோ, அதன் பக்கத்து உறவு இங்கே பிழைப்பு. தனக்கென்று வரைய உட்கார்ந்தால் சென்னை ஓவியர் கோட்டுக்கும் அடுக்குக்கும் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட கேன்வாஸை வாங்க அன்றைய சென்னையில் ஆளில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

கே. எம். ஆதிமூலம் இதற்கு நல்ல சாட்சி. 1938இல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். துணியும் சாயமும் அங்கே அன்றாடம். பெயர் வாங்கிக் கொடுத்ததோ காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். கி. ராஜநாராயணனின் எழுத்துக்கு வரைந்தவராகவே பல வாசகர்கள் இன்றும் அவரை அறிவார்கள். அரூப வண்ணத்துக்கு அவர் முழுதாக வந்தது காந்தி கோட்டோவியங்களுக்குப் பிறகு.

அந்தப் படங்களில் குறுவைப் பச்சை தெரிகிறது, வாய்க்கால் தெரிகிறது என்று எழுதுவது சுலபம். அவர் ஊர் டெல்டாவே அல்ல, பச்சைமலைப் பக்கத்து மேட்டுநிலம். ரோத்கோவோடு சேர்ப்பதும் சுலபம். ரோத்கோவில் நிறத்தின் ஓரம் புகையாகக் கரையும். ஆதிமூலத்தில் ஓரம் நிற்கும்: சிவப்புப் பட்டை முடிகிற இடத்தில் வண்ணம் வரப்பு கட்டியிருக்கும், அடியில் கிடக்கும் நிறம் கீற்றாக வெளியே தெரியும், ஒரு நிறத்தை இன்னொன்று தள்ளிக்கொண்டு வரும். இந்த வேலைக்கு உறவு நியூயார்க்கில் இல்லை; வண்ணத்தைக் கத்தியால் பாளம் பாளமாக அடுக்கி, 1955இல் நாற்பத்தொரு வயதில் இறந்துபோன தெ ஸ்தாலிடம்தான் இருக்கிறது.

இந்திரனும் சி. மோகனும் நவீன ஓவியத்தைத் தமிழில் பேசுவதற்கு ஒரு மொழியை உண்டாக்கித் தந்திருக்கிறார்கள். அடுத்து வேண்டியது பரமசிவன் சுவரில் செய்ததைக் கேன்வாஸில் செய்யும் ஆள்: எத்தனை அடுக்கு, எது முதலில் விழுந்தது, எங்கே கத்தி, எங்கே தூரிகை. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர் ஒருவர் எடுத்துச் செய்யக்கூடிய ஆய்வுதான் இது.